கிராண்ட் கேன்யன் ரோடு ட்ரிப்: எதுல மிச்சம் பிடிக்கலாம், எதுல பிடிக்கவே கூடாது?

வெளிநாட்டு டூருக்குப் பர்சனல் லோன் எடுக்காதீங்கன்னு நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டதிலிருந்து, ஒரே மாதிரி கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. "சரிங்க, கடன் வாங்கல. சேர்த்து வெச்ச காசுலதான் போறோம். அமெரிக்காவுல அந்தச் சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்கையெல்லாம் கார் எடுத்துக்கிட்டு சுத்தணும். எவ்வளவு ஆகும்?"

எவ்வளவு ஆகும் என்று கீழே கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் 2024 செப்டம்பர் கடைசியில் நானும் என் கணவரும் இதே ரூட்டில் போனபோது, எக்ஸெல் ஷீட்டில் ஒரு ரூபாய் விடாமல் எழுதி வைத்திருந்த நான், ஷீட்டில் இல்லாத ஒரு வரியில் ஒரே நாளில் சுமார் 65,000 ரூபாயை விட்டேன். அதனால் கணக்கோடு அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

முதல்ல ரூட்டைப் பார்த்துடுவோம்

லாஸ் வேகாஸில் இறங்கி, அங்கேயே திரும்பி வந்து சேரும் வட்டம்தான் செலவு குறைவானது. ஒரு ஊரில் காரை எடுத்து வேறு ஊரில் விட்டால் பல இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. லாஸ் வேகாஸிலிருந்து சயான் சுமார் 160 மைல். சயானிலிருந்து பிரைஸ் கேன்யன் 85. அங்கிருந்து அரிசோனாவில் பேஜ் என்கிற சின்ன ஊர் 150. பேஜிலிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 135. மறுபடி லாஸ் வேகாஸ் 280. மொத்தம் 810 மைல், அதாவது 1,300 கிலோமீட்டர். உள்ளே சுற்றுவதையும் சேர்த்து 1,000 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு ராத்திரி. முதல் ராத்திரி லாஸ் வேகாஸ், சயான் பக்கம் இரண்டு, பிரைஸ் ஒன்று, பேஜ் ஒன்று, கிராண்ட் கேன்யன் இரண்டு. "முதல் நாளே கிளம்பினா ஒரு ராத்திரி ரூம் மிச்சமாச்சே"ன்னு தோணும். வேண்டாங்க. கோடையில் நம்ம நேரத்துக்கும் அந்த ஊர் நேரத்துக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். முழு ராத்திரியும் பகலும் விமானத்தில் உட்கார்ந்துவிட்டு, பழக்கமே இல்லாத வலது பக்க ரோட்டில் மூன்று மணி நேரம் ஓட்டுவது மிச்சம் இல்லை. அன்றைக்குத் தூங்கிவிட்டு மறுநாள் காலையில் காரை எடுத்தால் ஒரு நாள் கார் வாடகையும் குறையும்.

இன்னொரு விஷயம். யூட்டாவும் அரிசோனாவும் பக்கத்துப் பக்கத்து மாநிலம்தான். ஆனால் கோடையில் யூட்டா கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ பழங்குடி நிலம் மாற்றுகிறது! எல்லைப் பக்கத்தில் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். பேஜில் முன்பணம் கட்டிய டூரைத் தவறவிட இதுவே போதும். புக் பண்ணும்போதே எந்த ஊர் நேரம் என்று கேட்டு எழுதி வையுங்க.

இப்போ கணக்கு

இரண்டு பேருக்கு, டாலர் 90 ரூபாய் என்று வைத்து நான் போட்ட கணக்கு இது. சீசனைப் பொறுத்து உங்களுக்கு மாறும், அதனால் விலைகளை நீங்களே போட்டுப் பாருங்க.

கார் ஏழு நாளைக்கு 420 டாலர். காருக்கான லயபிலிட்டி காப்பீடு 105. ரூம் வரியோடு ராத்திரிக்கு 130 வீதம் 910. சாப்பாடு 420. பெட்ரோல் 140 (கேலனுக்கு 30 மைல் ஓடும் கார், கேலன் 4 டாலர்). பார்க் பாஸ் 250. ஆன்டிலோப் கேன்யன் கைடு டூர் இரண்டு பேருக்கு 180. ஹார்ஸ்ஷூ பெண்ட் பார்க்கிங் 10. ஆக 2,435 டாலர், ரூபாயில் 2,19,150. விமான டிக்கெட் இருவருக்கும் 2,40,000. விசா விண்ணப்பம் தலைக்கு 185 டாலர் வீதம் 33,300. பயணக் காப்பீடு 6,000. எல்லாம் சேர்த்தால் ஐந்து லட்சத்தைத் தொடுகிறது.

இதன் மேல் 15 சதவீதம், அதாவது 75,000 ரூபாயைத் தொடாத பணமாக வையுங்க. அந்த 75,000 எதற்கு என்று கொஞ்ச நேரத்தில் புரியும். 5,75,000 ரூபாயை 20 மாதத்தில் பிரித்தால் மாதம் 28,750. இரண்டு பேரும் சம்பாதிக்கிற வீட்டில் இது முடியும். முடியாவிட்டால் 30 மாதம் ஆகட்டும், பள்ளத்தாக்கு எங்கேயும் போகாது.

பாஸ் விஷயத்தில் பழைய வீடியோக்களை நம்பாதீங்க. 80 டாலருக்கு வருடாந்திர பாஸ் என்று எல்லாரும் சொல்லியிருப்பாங்க. நாங்களும் அதைத்தான் வாங்கினோம். 2026 ஜனவரி 1 முதல் அந்த விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும், அதற்கு அந்த ஊர் அரசு கொடுத்த போட்டோ அடையாள அட்டை காட்ட வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு 250 டாலர். பாஸ் இல்லாமல் போனால் கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் உள்பட 11 பெரிய பார்க்குகளில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 100 டாலர். இந்த மூன்று பார்க்கிலும் காருக்கு 35 டாலர். இரண்டு பேருக்குக் கூட்டிப் பாருங்க: மூன்று முறை 235, மொத்தம் 705. காரில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே பாஸ் போதும் என்பதால் 250 லாபம்.

ஆனால் இந்த பாஸ் எல்லா இடத்திலும் செல்லாது. ஆன்டிலோப் கேன்யனும் மான்யுமென்ட் வேலியும் நவாஹோ மக்களுடைய நிலம், தேசியப் பூங்கா இல்லை. ஹார்ஸ்ஷூ பெண்ட் பார்க்கிங் பேஜ் நகராட்சி வசூலிப்பது. இவை மூன்றுக்கும் தனியாகக் கட்டணும்.

வரிப் பக்கம்

சுருக்கமா சொல்லிடறேன். ஆபீஸில் எல்டிஏ இருக்கே, அதில் கிளெய்ம் பண்ணலாமா? முடியாது. அது இந்தியாவுக்குள் போகும் பயணத்துக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

ஃபாரக்ஸ் கார்டில் டாலர் ஏற்றினால், 2025 ஏப்ரல் 1 முதல் நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் கிடையாது. நம்ம கணக்கு அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் ஏஜென்டிடம் டிக்கெட்டும் ரூமும் சேர்த்துப் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் உண்டு. சதவீதத்தை அரசு அடிக்கடி மாற்றுகிறது, பணம் கட்டும் நாளில் என்ன என்று பாருங்க. டிசிஎஸ் என்பது போன காசு இல்லை. ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம். 2024 அக்டோபரில் 12பிஏஏ என்று ஒரு படிவம் வந்தது. அதை ஆபீஸில் கொடுத்து மாதச் சம்பள டிடிஎஸ்ஸிலேயே கழித்துக்கொள்ளும் வசதியும் வந்தது. ஆனால் அதுவரை உங்கள் பணம் வெளியே மாட்டிக்கிட்டு நிற்கும். டிக்கெட்டைத் தனியாக, ரூமைத் தனியாக நீங்களே புக் பண்ணினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

கார்டு மார்க்கப்பையும் பாருங்க. நிறைய கிரெடிட் கார்டில் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13. நம்ம 2,19,150 ரூபாய்க்கு அது சுமார் 9,000. மார்க்கப் இல்லாத கார்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். மெஷினில் "ரூபாயில் கட்டறீங்களா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லி டாலரையே அழுத்துங்க.

இதுவரை சொன்னதெல்லாம் மிச்சம் பிடிக்கக் கூடிய இடங்கள். சயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலுக்குப் பதிலா கொஞ்சம் தள்ளித் தங்கலாம், கிராண்ட் கேன்யனுக்கு வில்லியம்ஸில் தங்கலாம். மளிகைக் கடையில் ரொட்டியும் தயிரும் வாங்கி ரூமில் சாப்பிடலாம். நான் கூட பருப்புப் பொடி கொண்டுபோனேன், வெட்கமே இல்லை.

கார்: இங்கேதான் நான் தப்பு பண்ணினேன்

வாடகைக் காரில் இரண்டு வேறு காப்பீடு இருக்கு. ஒன்று, அவங்க காருக்கு ஏதாவது ஆனால் உங்களிடம் கேட்க மாட்டோம் என்கிற சேத விலக்கு. இன்னொன்று, நீங்கள் அடுத்தவர் மேல் மோதினால் அவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கான லயபிலிட்டி. நம்ம ஆளுங்க முதலாவதை வாங்கிட்டு இரண்டாவதை விட்டுடறாங்க, ஏன்னா கார்தானே கண்ணுக்குத் தெரியுது. நெவாடா மாநிலத்தில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச லயபிலிட்டி ஒரு ஆளுக்கு 25,000 டாலர். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? மீதி உங்களிடம் கேட்கப்படும். நாளுக்கு 15 டாலர் என்று கணக்கில் போட்டது அதற்குத்தான். 25 வயதுக்குக் குறைவாக இருந்தால் பல கம்பெனிகள் நாள் கணக்கில் தனிக் கட்டணமும் போடும், அதையும் சேர்த்துப் பாருங்க.

இந்த இரண்டையும் நான் வாங்கியிருந்தேன். பெருமையாகவும் இருந்தேன்.

பேஜிலிருந்து கிராண்ட் கேன்யன் போக வேண்டிய நாளில், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், மான்யுமென்ட் வேலியையும் பார்த்துடுவோம்"னு முடிவு பண்ணினோம். சுமார் 120 மைல் கிழக்கே. அங்கே உள்ளே 17 மைல் மண் ரோடு. நவாஹோ கைடு ஜீப்பில் போனால் இரண்டு பேருக்கு 170 டாலர் கேட்டாங்க. சொந்தமா ஓட்டினால் நுழைவுக் கட்டணம் மட்டும். நான்தான் சொன்னேன், "நம்ம காரிலேயே போயிடலாம்"னு. பாதி வழியில் ஒரு கூர்மையான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. பஞ்சர் ஒட்ட முடியாத கிழிசல். போனில் சிக்னல் இல்லை. அந்த வழியாக வந்த ஒரு கைடு உதவி செய்து ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்தார். அது சின்ன சைஸ் தற்காலிக டயர், அதை வைத்து ராத்திரியில் 180 மைல் போக முடியாது. அவருடைய உதவிக்குப் பணம் நீட்டியபோது வாங்க மறுத்தார். அது தனிக் கதை.

கயென்டா என்கிற பக்கத்து ஊரில் அன்றைக்கு ரூம் போட்டோம், 160 டாலர். கிராண்ட் கேன்யன் பக்கம் ரீஃபண்ட் இல்லாத ரூம் புக் பண்ணியிருந்தேன். 20 டாலர் குறைவு என்பதற்காக. அந்த 190 டாலர் போச்சு. இழுவை வண்டி, டயர் எல்லாம் 430. கார் கம்பெனிக்கு போன் பண்ணி "சேத விலக்கு வாங்கியிருக்கேனே"ன்னு கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாங்க: தார் போடாத ரோட்டில் ஓட்டினால் விலக்கு செல்லாது மேடம், ஒப்பந்தத்தில் இருக்கு. எடுத்துப் பார்த்தேன், இருந்தது. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிங்கன்னு கிளையண்ட்டுக்குத் தினமும் சொல்ற ஆள் நான்.

780 டாலர். அன்றைய ரேட்டில் 65,000 ரூபாய்க்கு மேல். மிச்சம் பிடிக்க நினைத்தது 170. நாங்க தொடாம வெச்சிருந்த பணம்தான் அன்றைக்குக் காப்பாத்தினது. அது இல்லாட்டி வேற கார்டைத் தேய்த்திருப்போம்.

காரை எடுக்கும் முன் நீங்க கேட்க வேண்டியது: மண் ரோட்டில் ஓட்டலாமா, டயரும் கண்ணாடியும் விலக்கில் வருமா, டெபாசிட்டாக எவ்வளவு பிடித்து வைப்பீங்க. இந்த டெபாசிட்டைக் கிரெடிட் கார்டில்தான் பிடிப்பாங்க. ஃபாரக்ஸ் கார்டையும் டெபிட் கார்டையும் பல கவுண்டரில் ஏற்க மாட்டாங்க. கார்டு லிமிட் ஒரு லட்சம்தான் என்றால் அதில் ஒரு பகுதி பயணம் முடியும் வரை பூட்டிக்கிடக்கும். ஓட்டப் போகிறவர் பெயரிலேயே கார்டு இருக்கணும். ஆர்டிஓவில் 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டையும் எடுத்துக்கோங்க, ஒரு வருஷம் செல்லும்.

பள்ளத்தாக்கில் இறங்கும்போது

இப்போ பணத்தைவிடப் பெரிய விஷயம். நாம வெள்ளியங்கிரியோ பர்வதமலையோ ஏறியிருப்போம். அங்கே முடியலைன்னா திரும்பலாம், திரும்பினால் இறக்கம். கேன்யனில் தலைகீழ். முதலில் சுகமா இறங்குவீங்க, களைத்த பிறகு, வெயில் ஏறிய பிறகு, தண்ணீர் தீர்ந்த பிறகு ஏறணும். கிரெடிட் கார்டு மாதிரிதான். தேய்க்கிறப்போ வலிக்காது, பில் பிறகு வரும்.

தெற்கு விளிம்பிலிருந்து அடியிலுள்ள நதி செங்குத்தாகவே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் கீழே. கீழே போகப் போகச் சூடு கூடும், கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். நதி வரைக்கும் போய் ஒரே நாளில் திரும்ப வேண்டாம் என்று பார்க் நிர்வாகமே எச்சரிக்கிறது. கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை உள்ளே நடக்காதீங்க என்கிறது. ஏற்றத்துக்கு இறக்கத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆக உங்களிடம் ஆறு மணி நேரம் இருந்தால் இரண்டு மணி நேரம் ஆனதும் திரும்பணும். பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைலில் ஒரு ஓய்விடம் இருக்கு. முதல் முறை போறவங்களுக்கு அதுவே நிறைவான நடை. நாங்க அங்கேதான் திரும்பினோம்.

திரும்ப மனசு வராது. "மூணு லட்சம் டிக்கெட் போட்டு வந்துட்டு பாதியிலயா?" இதைத்தான் எங்க பாடத்தில் மூழ்கிய செலவு என்போம். போன காசு இனி எடுக்கிற முடிவுக்குள்ளே வரக் கூடாது. ஆபீஸில் உட்கார்ந்து படிக்க ஈஸி, பாதையில் நின்றுகொண்டு ரொம்பக் கஷ்டம்.

வெள்ளமும் அப்படித்தான். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி, அந்தக் குறுகிய பாறைப் பிளவுக்குள் தண்ணீர் சுவர் போல வந்தது. 2015 செப்டம்பரில் சயானின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர். ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை இந்த ஆபத்து அதிகம். ஆன்டிலோப்புக்கு இப்போது கைடு இல்லாமல் போக முடியாது, வானிலை சரியில்லைன்னு அவங்க நிறுத்தினால் வாதாடாதீங்க. சயானில் ஆற்றுக்குள்ளேயே நடக்கும் நேரோஸ் பாதைக்கு யாரும் உங்களை நிறுத்த வர மாட்டாங்க. அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பார்வையாளர் மையத்தில் கேட்டுட்டுத்தான் கால் வைக்கணும்.

அதனால்தான் ரீஃபண்ட் உள்ள ரூமுக்கு 10, 20 டாலர் அதிகம் கொடுங்கன்னு சொல்றேன். திட்டத்தை மாத்தினால் காசு போகும்னு தெரிஞ்சா நீங்க மாத்த மாட்டீங்க. மாத்தினாலும் நஷ்டமில்லைன்னா மேகத்தைப் பார்த்ததும் திரும்பிடுவீங்க.

பயணக் காப்பீட்டை டிக்கெட் வெப்சைட்டில் டிக் பண்ணி வாங்காதீங்க. மருத்துவச் செலவுக்கு குறைந்தது ஒரு லட்சம் டாலர், முடிந்தால் இரண்டரை லட்சம். விலக்குப் பட்டியலில் "சாகசச் செயல்கள்" என்பதில் மலைநடை வருதான்னு எழுத்தில் கேட்டு வாங்குங்க. ரேஞ்சர்கள் வந்து மீட்பதற்குப் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஹெலிகாப்டர் பில் உங்க பேர்லதான் வரும்.

சில சில்லறை விஷயங்கள்

சயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற 2022 ஏப்ரலிலிருந்து லாட்டரி பெர்மிட் வேணும். விண்ணப்பம் 6 டாலர், கிடைத்தால் தலைக்கு 3. சயானின் உள் பஸ் இலவசம், அது ஓடும் மாதங்களில் பள்ளத்தாக்கு ரோட்டில் உங்க காரை விட மாட்டாங்க. கிராண்ட் கேன்யனுக்கு உள்ளேயே தங்கணும்னா ஒரு வருஷத்துக்கு மேல் முன்னாடியே பார்க்கணும், 13 மாதம் முன் புக்கிங் திறக்கும். வடக்கு விளிம்பு விடுதி 2025 ஜூலைத் தீயில் எரிந்துவிட்டது, பழைய பயணத் திட்டங்களில் அது இருந்தால் அடித்துவிடுங்க.

பெட்ரோல் பம்பில் மெஷின் அஞ்சல் குறியீட்டு எண் கேட்கும், நம்ம கார்டுக்கு அது வேலை செய்யாது. உள்ளே கவுண்டரில் போய் "நான்காம் பம்ப், 40 டாலர்" என்று முன்பணம் கட்டுங்க, மீதி இருந்தால் திரும்பி வரும். டாங்க் பாதி ஆனதும் நிரப்புங்க, அடுத்த பம்ப் எங்கேன்னு தெரியாது. மேப்பை வைஃபை இருக்கும்போதே இறக்கி வையுங்க.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது நாலு பக்கமும், டயரும், பெட்ரோல் முள்ளும், மைல் மீட்டரும் போட்டோ எடுங்க. முடித்த பில்லை அங்கேயே இமெயிலில் வாங்குங்க. ஊருக்கு வந்த பிறகும் இரண்டு மாதம் கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க. டெபாசிட் விடுவிச்சிருக்காங்களா, பார்க்கிங் அபராதம்னு ஏதாவது பின்னாடி வந்திருக்கான்னு. எனக்கு ஏழாவது வாரத்தில் 35 டாலர் வந்தது. நிர்வாகக் கட்டணமாம். போட்டோவையும் பில்லையும் அனுப்பினேன், பத்து நாளில் திருப்பிப் போட்டாங்க.